கண்டிச்சீமைப் பயணமும் குடும்பக் கணக்கும்

19ஆம் நூற்றாண்டின் முற்பாதி தொடங்கி 1939 வரை தமிழகத்துக் கிராமங்களிலிருந்து, கண்டிச்சீமை எனப்பட்ட இலங்கை மலைநாட்டின் தோட்டங்களுக்குச் சென்றவர்களைப் பற்றிய எழுத்துகளில் இரு போக்குகள் மேலோங்கி நிற்கின்றன. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, வேறு வழியின்றி ஓடியவர்களாக அவர்களைக் காண்பது ஒன்று. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் ஆசை வார்த்தையில் மயங்கிச் சிக்கியவர்களாகக் காண்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்றுகள் உள்ளன, இரண்டையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்விரண்டிலும் புறப்பட்ட குடும்பம் தனக்குள் போட்டுக்கொண்ட கணக்குக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. முதலில் யார் போவது, யாரை ஊரில் விட்டுச் செல்வது, இருக்கும் சிறு துண்டு நிலத்தையோ குடிசை மனையையோ யார் காப்பது, போன இடத்தில் வேலை நின்றுபோனால் எந்த வழியில் திரும்புவது என்ற கேள்விகளை எழுத்தறியாத அக்குடும்பங்கள் மிகக் கூர்மையாகவே எண்ணிப் பார்த்திருக்கின்றன என்பதை அவர்கள் போய்வந்த முறையே காட்டுகிறது. வேலையின் நிச்சயமின்மைக்கு எதிராக அவர்கள் ஊரில் ஊன்றி வைத்திருந்த ஒரு காலே, பிற்காலத்தில் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவர்களுடைய குற்றமாயிற்று என்பதுதான் இவ்வரலாற்றின் ஆகப் பெரிய அநீதி.

தொடக்க காலப் பயணம் குடும்பப் பயணம் அன்று. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கி 1830, 1840களில் விரைந்து பரவிய காப்பித் தோட்டங்களுக்கு ஆண்டு முழுதும் ஆள் தேவைப்படவில்லை. பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே பெருங்கூட்டம் வேண்டியிருந்தது. எனவே சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பறிப்பு முடிந்ததும் கூலியோடு ஊர் திரும்பியவர்கள். தொண்டி, இராமேசுவரம் முதலிய கரையோர ஊர்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரை நூறு மைலுக்கும் அதிகமான தொலைவை நடந்தே கடக்க வேண்டும். தண்ணீர் கிடைக்காத வறண்ட நிலமும், காலராவும் அம்மையும், உடன் வந்தவர் விழுந்தால் நின்று பார்க்க இயலாத அவசரமும் சேர்ந்து அவ்வழியில் எத்தனையோ உயிர்களைக் கொண்டன. இத்தகைய வழியில் மனைவி மக்களை அழைத்துச் செல்லத் துணிந்தவர் சிலரே. வீட்டிலிருந்து ஒருவன் போவதும், ஏனையோர் ஊரில் கிடைத்த வேலையைச் செய்து அவன் வரவுக்குக் காத்திருப்பதுமே அன்றைய ஏற்பாடு. போனவன் வராமற்போனாலும் எஞ்சியவர்களுக்கு ஊர் இருந்தது.

இந்த ஏற்பாட்டை மாற்றியது ஒரு செடியின் நோய். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட காப்பி இலைத் துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழிலை ஏறத்தாழ அழித்துவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் என்று ஒன்றில்லை. கொழுந்து தளிர்த்துக்கொண்டே இருக்கும், ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை அதே செடியை மறுபடி நாடிச் சென்று பறித்தாக வேண்டும். கவ்வாத்து எனப்படும் கிளை வெட்டும் வேலையும் கான் எனப்படும் வடிகால் வெட்டுதலும் ஆண்களுக்கு உரியவையாகவும், கொழுந்து பறித்தல் பெண்களுக்கு உரியதாகவும் பிரிக்கப்பட்டன. ஆகவே, வந்துபோகும் ஆண்களின் கூட்டம் போதாமல், மலையிலேயே தங்கி வாழும் குடும்பங்கள் தோட்டத்துக்கு வேண்டியவையாயின. இடையில் வந்த 1876–78 ஆண்டுகளின் பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களில் ஊரில் இருந்து காப்பவர்களுக்கே சோறில்லாமற் செய்ததால், வீட்டோடு புறப்படுவதைத் தவிர வேறு வழி காணாதவர்கள் ஆயிரமாயிரமாகப் பெருகினர்.

அப்படிப் புறப்பட்டவர்களுக்கு வேலையைப் பற்றிய செய்தியும், வழிச்செலவுக்கான பணமும், போய்ச் சேர்ந்த பின் கிடைக்கும் கூலியும் ஒரே மனிதனின் கையில் இருந்தன. கங்காணி என்பவன் தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளரின் தலைவன். துரை, அதாவது தோட்ட மேலாளர், கொடுத்த பணத்தோடு தன் ஊருக்கு வந்து தன் உறவிலும் சாதியிலும் அண்டை ஊர்களிலும் ஆள் சேர்த்துச் செல்பவன். பலநூறு பேரைக் கொண்ட கூட்டத்துக்குப் பெரிய கங்காணியும், அவனுக்குக் கீழே தன் சொந்தக் குடும்பத்தையும் நெருங்கிய உறவினரையும் மட்டும் கொண்ட சிறு கூட்டத்துக்குச் சில்லறைக் கங்காணியும் இருந்தனர். ஆளுக்கு இவ்வளவு என்று, வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் கங்காணிக்குக் கிடைத்த தலைக்காசு, கூட்டத்தைப் பெருக்குவதிலேயே அவனுடைய ஆதாயம் இருக்குமாறு செய்தது. தனி ஆளைவிடக் குடும்பத்தைக் கொண்டுசெல்வது அவனுக்கு இருவகையில் இலாபம்: பேர்கள் கூடும், மனைவி மக்களோடு லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டில் குடியேறியவன் எளிதில் ஓடிவிடவும் மாட்டான்.

ஆனால் குடும்பங்கள் கங்காணியை நம்பியதற்கு அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. காவிரிப் பகுதியின் பண்ணையாள் முறையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். நிலவுடைமையாளரான மிராசுதாரிடம் கலியாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக அவர் நிலத்திலேயே உழைக்கக் கட்டுண்ட பண்ணையாள், அக்கடனைத் தீர்க்காமல் வேறிடம் போக முடியாது. அவன் மகனும் அக்கடனுக்குள்ளேயே பிறந்தான். அடிமை நிலைக்குச் சட்ட ஏற்பில்லை என்று 1843ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்த பின்னரும் வழக்கம் அப்படியேதான் நீடித்தது. கங்காணி கொண்டுவந்த முன்பணம் இந்தக் கடனை அடைக்கப் பயன்பட்டது. அதாவது, அக்குடும்பம் ஒரு கடனிலிருந்து மற்றொரு கடனுக்கு மாறியது. முன்னதில் காசாகக் கூலி என்பது அரிது, பின்னதில் நாட்கூலி என்று ஒன்று இருந்தது. பள்ளர், பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட சமூகத்தார் சென்றவர்களில் பெரும் பங்கினராக இருந்ததற்கு இக்கணக்கும் ஒரு காரணம். அம்மாற்றத்தைத் தெரிந்தே ஏற்றவர்களை வெறும் ஏமாளிகளாகக் காட்டுவது, அவர்கள் மிராசுதாரின் பிடியிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்ள எடுத்த துணிவை அவர்களிடமிருந்து பறிப்பதாகும்.

அந்தத் துணிவுக்குத் தோட்டம் கொடுத்த விலை துண்டு முறை. துண்டு என்பது துரை எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டு. இன்ன கங்காணியும் அவன் கூட்டத்தார் இத்தனை பேரும் தோட்டத்துக்கு இவ்வளவு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், அத்தொகையை இத்தனை நாளுக்குள் கட்டினால் அவர்களை விடுவிக்கிறேன் என்பது அதன் வாசகத்தின் சாரம். கங்காணி அச்சீட்டோடு வேறு தோட்டத்துத் துரையை அணுகுவான்; ஆள் தட்டுப்பாடுள்ள அவர் பழைய கடனைக் கட்டுவதோடு மேலும் கொஞ்சம் முன்பணமும் தருவார்; கூட்டம் முழுதும் மலை மாறும்; கடன் கூடும். ஒரு குடும்பம் உண்மையில் கையால் வாங்கிய தொகை எவ்வளவு, கங்காணி தன் பங்குக்கு ஏற்றியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் கணக்கு அக்குடும்பத்திடம் இல்லை. கூலியும் பல தோட்டங்களில் கங்காணி வழியாகவே வழங்கப்பட்டதால், பிடித்தம் போக மிஞ்சியதே கைக்கு வந்தது. பெண்களின் கூலியோ கணவன் அல்லது தகப்பன் கைக்கே பெரும்பாலும் போயிற்று. இதற்கு மேலாக, 1865ஆம் ஆண்டின் வேலை ஒப்பந்தச் சட்டம் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப்போவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. வேலை நின்றுபோகக்கூடும் என்ற ஆபத்து முழுவதையும் குடும்பம் தாங்க வேண்டும், வேலையை விட்டுப் போகும் உரிமையோ குடும்பத்துக்கு இல்லை என்பதே இந்த அமைப்பின் உள்ளடக்கம்.

வேலை என்பது அன்றாடம் பேர் போடுவதைப் பொறுத்தது. விடியுமுன் தப்பு முழங்க, லயத்திலிருந்து இறங்கி வந்து பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பிரட்டு என்பது வேலை பிரித்துக் கொடுக்கும் காலை அணிவகுப்பு. அங்கே கணக்கப்பிள்ளை பேரைப் பதிந்து மலையைக் காட்டினால் அன்றைக்கு வேலை உண்டு. குறித்த எடைக்குக் கொழுந்து கொண்டுவந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. மழையில், நோயில், பிள்ளைப்பேற்றில், கொழுந்து குறைந்த மாதங்களில் பேர் விழாத நாள்கள் சேர்ந்துகொண்டே போகும். அரிசியோ கடனாகத் தோட்டத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். குடியிருந்த காம்பராவும், அதாவது பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட லயத்தின் ஓர் அறை, வேலையோடு கட்டுண்டது. பற்றுச்சீட்டை, அதாவது வேலையிலிருந்து விடுவிக்கும் சீட்டை, கையில் கொடுத்து வெளியேறச் சொன்னால் வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும்.

இதனால்தான் ஊரில் ஒரு கால் ஊன்றியிருந்தது. மலேயா, பர்மா, பிஜி போன்ற தொலைநாடுகளுக்குப் போனவர்களுக்கு வாய்க்காத ஒரு வசதி கண்டிச்சீமைக்குப் போனவர்களுக்கு இருந்தது: கடல் குறுகியது, வழிச்செலவும் ஒப்பீட்டளவில் குறைவு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின் இது மேலும் எளிதாயிற்று. வயதான தாய் தகப்பனையும் மூத்த மகன் ஒருவனையும் ஊரில் விட்டுவிட்டு, உழைக்கும் கைகள் அதிகமுள்ள பகுதி மட்டும் மலைக்குச் செல்வது. சில ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வ வழிபாட்டுக்கோ கலியாணத்துக்கோ சாவுக்கோ வந்து சில மாதம் தங்குவது. பெண்ணுக்கு ஊரிலேயே மாப்பிள்ளை பார்ப்பது. மிச்சம் பிடித்த காசை அனுப்பி ஒரு மாவோ அரை மாவோ நிலம் வாங்குவது அல்லது ஒற்றி வைத்ததை மீட்பது. இவை பாசத்தால் மட்டும் நடந்தவை அல்ல. தேயிலை விலை சரிந்தாலும், துரை மாறினாலும், நோய் வந்தாலும் திரும்பிப் போய்ச் சேர ஓர் இடம் இருக்க வேண்டும் என்ற முன்யோசனை அவற்றில் இருந்தது. இன்றைய ஓய்வூதியமும் வேலையிழப்புக் காப்பீடும் செய்யும் பணியை அன்று ஊரிலிருந்த அந்தக் குடிசையும் உறவும் செய்தன.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பயணம் மெல்ல மெல்லக் கங்காணியின் கையிலிருந்து அலுவலகங்களின் கைக்கு மாறியது. தோட்டக்காரர்களின் முயற்சியால் 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு சிலோன் லேபர் கமிஷன் நிறுவப்பட்டு, தமிழ் மாவட்டங்களில் அதன் கிளைகள் திறக்கப்பட்டன. தோட்டத்தின் அடையாளம் பொறித்த ஒரு தகரத் தகட்டைத் தொழிலாளியிடம் கொடுத்து, அதைக் காட்டினாலே வழிநெடுகப் பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படுமாறு ஓர் ஏற்பாடும் வந்தது. கழுத்திலோ இடுப்பிலோ கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட அந்தத் தகட்டைத் தொலைத்தவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்று சொல்ல வேறு ஆதாரம் இல்லை. கரையோர ஊரான மண்டபத்தில் அமைந்த முகாமில் கூட்டம் கூட்டமாக வந்தவர்களைச் சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, துணிகளை நீராவியில் இட்டு, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் சாதியும் வயதும் எழுதிக்கொண்டு, மனமுவந்துதான் போகிறீர்களா என்று கேட்டு அனுப்பினர். குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்யப்பட்டது. கங்காணியின் வாய்ச்சொல்லில் மட்டும் இருந்த உறவு முதன்முதலாகத் தாளில் ஏறியது இங்கேதான்.

இந்தியாவில் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1922இல் இயற்றப்பட்ட இந்தியக் குடியேற்றச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் குடும்பத்தின் பக்கம் சில காப்புகளைச் சேர்த்தன. ஆள் சேர்ப்புச் செலவைப் பொது நிதி ஏற்றுக்கொள்ள வேண்டும், தொழிலாளி கடன் சுமையோடு கரையேறக்கூடாது, நீண்ட கால ஒப்பந்தத்தில் அவரைக் கட்டக்கூடாது என்பன அவற்றுள் முக்கியமானவை. வேலை உடலுக்கு ஒவ்வாமற்போனாலோ முறையாக நடத்தப்படாவிட்டாலோ வந்த ஓராண்டுக்குள் செலவின்றி ஊர் திரும்பவும் வழி செய்யப்பட்டது. இந்திய அரசின் முகவர் ஒருவர் 1923இலிருந்து கண்டியில் இருந்துகொண்டு தோட்டங்களைப் பார்வையிட்டார். இலங்கையில் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டிருந்தது. வேலையை விட்டுச் சென்றதற்குச் சிறை என்ற நிலையும் அவ்வாண்டுகளிலேயே முடிவுக்கு வந்தது. தஞ்சையிலிருந்து வந்து இதழாளராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் உழைத்த கோதண்டராம நடேசய்யர், எந்த உரிமை தாளில் இருக்கிறது, எது தோட்டத்தில் மறுக்கப்படுகிறது என்பதைத் துண்டறிக்கைகள் வழியே தொழிலாளரிடம் கொண்டுசென்றார். அறிமுகமற்றவர் எவரையும் தோட்டத்துக்குள் விடாத காலத்தில் அது எளிய செயலன்று.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இக்கதையில் தனி இடம் பெறத் தக்கது. அதன்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். இடைநிலத்தில் 52, 41, 31. தாழ்நிலத்தில் 50, 40, 30. ஒரு குடும்பம் ஏன் குடும்பமாகப் புறப்பட்டது என்பதற்கு இந்த எண்களே விடை. கணவன் மட்டும் மலையில் இருந்தால் நாளுக்கு 54 சதம்; மனைவியும் வேலைக்குப் போகும் வயதில் ஒரு பிள்ளையும் சேர்ந்தால் 1 ரூபாய் 29 சதம். ஓர் ஆளின் கூலியில் மிச்சம் பிடிப்பது அரிது, மூவர் கூலியில் முடியும். அதே எண்கள் மற்றொன்றையும் சொல்கின்றன: பெண்ணின் உழைப்பும் பிள்ளையின் உழைப்பும் இல்லாமல் ஒரு குடும்பம் கடனின்றி வாழ முடியாத அளவுக்கே ஆணின் கூலி வைக்கப்பட்டிருந்தது. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை கொழுந்துக் கூடையோடு நின்றதற்குப் பெற்றோரின் அக்கறைக் குறைவு காரணமன்று.

சட்டம் கூலியின் அளவைக் காத்ததே ஒழிய வேலையைக் காக்கவில்லை என்பது 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது வெளிப்பட்டது. தேயிலையும் ரப்பரும் விலை சரிய, குறைந்தபட்சக் கூலி குறைக்கப்பட்டது. ரப்பர்த் தோட்டங்கள் பல ஆட்களை நிறுத்தின. புதிய ஆள் சேர்ப்பு அடங்கியது. மலேயாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் இக்காலத்தில் திருப்பி அனுப்பப்பட்டனர். இலங்கையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஊர் வந்தனர். ஊரில் ஊன்றியிருந்த கால் அன்றைக்குப் பயன்பட்டது. உறவோடு தொடர்பு விட்டுப்போயிருந்த குடும்பங்களே அதிகம் அலைந்தன என்பதை எண்ணும்போது, முன்னோரின் கணக்கு தவறானதன்று என்றே கொள்ள வேண்டும்.

கணக்கைத் தலைகீழாக்கிய நாள் 1939 ஆகஸ்டு 1. இலங்கை அரசு தன் துறைகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வெளியேற்றத் தொடங்கியதற்கு எதிர்வினையாக, தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதற்கு இந்திய அரசு அன்றுமுதல் தடைவிதித்தது. அவ்வாண்டு ஜூலையில் ஜவகர்லால் நேரு இலங்கை வந்து பேச்சு நடத்தியிருந்தும் இணக்கம் ஏற்படவில்லை. அப்பயணத்தையொட்டியே இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. இந்தியத் தொழிலாளரின் மதிப்பைக் காக்கவென எடுக்கப்பட்ட அத்தடை, தொழிலாளரின் குடும்பங்களையே முதலில் தாக்கியது. ஊருக்கு வந்திருந்தவர்கள் மலைக்குத் திரும்ப இயலாமல் நின்றனர். மலையில் இருந்தவர்கள், போனால் வர முடியாது என்ற அச்சத்தில், தகப்பன் சாவுக்கும் போகாமல் இருந்தனர். சில ஆண்டுகளுக்குப் பின்னரே தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. ஒன்றாக வாழ்வதற்காக இரு கரையிலும் பிரித்து வைக்கப்பட்ட குடும்பம் இப்போது உண்மையாகவே பிரிந்தது.

அதன்பின் வந்த சட்டங்கள் இந்தப் பிரிவையே அளவுகோலாகக் கொண்டன. விடுதலை பெற்ற இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அந்நாட்டில் பிறந்தவரிடமும் தகப்பன் அங்குப் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தலைமுறைக்கு அச்சான்றைக் காட்டுவது கூடாத காரியம். 1949ஆம் ஆண்டின் இந்தியர், பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் பதிவின் மூலம் ஒரு வழியைத் திறந்தது. ஆனால் 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அத்தொடர்ச்சி அறுந்ததாகும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் உடன் வாழ்ந்திருக்க வேண்டும். மலைநாட்டில் முப்பது ஆண்டு உழைத்த ஒருவர், மனைவியைப் பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்கு அனுப்பித் தாயிடம் சில ஆண்டு விட்டுவைத்தது, நிலத்தைப் பார்க்க ஒருமுறை போய் ஓராண்டுக்கு மேல் தங்கியது, மகனை ஊர்ப் பள்ளியில் சேர்த்தது ஆகிய ஒவ்வொன்றும் அவருக்கு எதிரான சான்றாக மாற இடமிருந்தது. அஞ்சல் நிலையத்தின் வழியே ஊருக்குப் பணம் அனுப்பிய பழக்கமும் பற்று இங்கில்லை என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தது. வேலையின் நிச்சயமின்மையைத் தோட்டங்கள் நூறாண்டு காலம் தொழிலாளியின் தலையில் வைத்தன; அதைத் தாங்கிக்கொள்ள அவர் செய்த ஏற்பாட்டை அரசு நிலையாமை என்று பெயரிட்டது. இதைச் சட்ட நுணுக்கம் என்று கடந்துபோவதற்கு இல்லை.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக அளிக்கப்பட்ட விண்ணப்பங்களில் குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. குடியுரிமையின்றி இருந்தவர்களின் எதிர்காலம் 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாட்டில் பங்கிடப்பட்டது: 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வது. அப்பங்கீட்டைப் பற்றித் தொழிலாளரின் சங்கங்களிடம் கலந்துபேசவில்லை. எந்த நாட்டுக்கு மனுப்போடுவது என்பதைப் பின்னர் ஒவ்வொரு காம்பராவும் தானே தீர்மானிக்க வேண்டியிருந்தபோது, நூறாண்டுக்கு முன் கரையோரத்தில் எழுந்த அதே கேள்விகள் எதிர்த்திசையில் எழுந்தன. ஊரில் பங்கு இன்னும் இருக்கிறதா, உறவு சேர்த்துக்கொள்ளுமா, கொழுந்து பறிக்க மட்டும் அறிந்த கைகளுக்குப் புதுக்கோட்டையிலும் பெரம்பலூரிலும் என்ன வேலை கிடைக்கும், மூத்தவன் அங்கே மனுப்போட்டு இளையவன் இங்கேயே இருந்துவிடலாமா என்று குடும்பங்கள் இரவிரவாகப் பேசின. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்றே தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது; ஆயினும் வந்தவர்கள் அனைவருக்கும் அங்கே இடமிருக்கவில்லை. தொழில் தொடங்கக் கடன் என்று கொடுக்கப்பட்ட தொகையைக் கொண்டு அறியாத தொழிலில் இறங்கி, அதையும் இழந்து, நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் நாட்கூலிகளாக மறுபடி தொடங்கிய குடும்பங்கள் பல.